எந்தப் பிள்ளைக்காக இந்தப் பயிற்சி?

சென்ற நோன்பு விடுமுறையில் ஆசிரியர் பயிற்சியொன்றில் சேர்ந்தேன். எங்கள் ஊரான கல்முனையிலேயே நடந்தது; அஸர் தொழுகைக்கு முன் முடிந்ததால் நோன்புக் கஞ்சி காய்ச்சவும் நேரம் கிடைத்தது. அதற்காகத்தான் சேர்ந்தேன். திரையில் படங்காட்டிக் கற்பிப்பது எப்படி என்று சொல்லித் தந்தார்கள். எங்கள் பாடசாலையில் திரையே இல்லை.

விடுமுறை முடிந்த அன்று, தரம் மூன்றில் இன்னும் எழுத்துக்கூட்டத் திணறும் ஸஜ்னாவின் உம்மா வகுப்பு வாசலில் நின்றார்.

"டீச்சர், நோன்போட கோர்ஸுக்குப் போனீங்களாமே. இனி என்ட புள்ள வாசிப்பாள்தானே?"

"அந்தக் கோர்ஸ் வாசிப்புக்கு இல்ல. அதுக்கு வேற ஒன்டு தேடுறன்" என்றேன்.

வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கான பயிற்சி தொலைவில் உள்ள அக்கரைப்பற்றில் சனிக்கிழமைகளில் நடப்பதைத் தேடிப் பிடித்தேன். ஸஜ்னாவின் சிக்கலைச் சொல்லி, அதற்கு வழி காட்டுவார்களா என்று கேட்ட பிறகே சேர்ந்தேன்.

ஸஜ்னா இப்போது சொற்களைத் தடுமாறாமல் வாசிக்கிறாள், வசனங்கள்தான் பாக்கி. எந்தப் பயிற்சி வந்தாலும், அது எந்தப் பிள்ளைக்கு உதவும் என்றே முதலில் பார்க்கிறேன். நேரமும் தூரமும் அதற்குப் பிறகுதான்.