மூன்றாவது பீப்

உள்ளறையிலிருந்து "பீப்" என்று ஒரு சத்தம் கேட்டது. சமையலறையில் நின்றிருந்த மீட்டர்காரியின் கையிலிருந்து டம்ளர் நழுவி உருண்டது.

ஒரே ஒரு பீப் என்றால் "உள்ளே வா". மூன்று என்றால் "நீ யாரோ, போ". உள்ளறையில் போன் கம்பெனி அதிகாரி தன் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார். அவள் உருவாக்கிய, போன் நெட்வொர்க் வழியே கணக்கு அனுப்பும் தண்ணீர் மீட்டர் காலையில் நெட்வொர்க்குக்கு அனுப்பிய பதிலைப் பதிவு செய்து, தான் கொண்டு வந்த போலி மீட்டரிலிருந்து அதையே அனுப்பிப் பார்த்தார். போலி நுழைந்துவிட்டால் அனுமதி கிடையாது. இரண்டு வருட உழைப்பு பாழ். மறுபடி செல்போன் ரிப்பேர் கடையில் ஸ்க்ரூ முடுக்கப் போக வேண்டியதுதான்.

"போச்சா?" என்றார் கணவர். தையல்காரர், கழுத்தில் இஞ்ச் டேப், கண்ணில் அதற்குள் குளம்.

"சும்மா இருங்க. அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பீப்பையும் ஆற அமரத்தான் அடிக்கும்."

அவள் முதலில் செய்த மீட்டர் சரியான வாயாடி. நெட்வொர்க்கில் சேரும்போதெல்லாம் தன் பூர்வோத்தரம் முழுக்கச் சொல்லித் தன்னை நிரூபிக்கும். பத்து வருடம் உழைக்க வேண்டிய பேட்டரி எட்டே மாதத்தில் கண்ணை மூடியது. அவள் தலையைப் பிய்த்துக்கொண்ட அந்த நாட்களில், சாவியை மறந்துவிட்டு வந்து தினமும் கதவைத் தட்டுவார் கணவர். அவளும் திறக்காமல் தினம் ஒரு கேள்வி கேட்டு வம்பிழுப்பாள். "நம்ம முதல் சண்டை எதுக்கு?" இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம், ஒரு வார்த்தையில் பதில். ஒட்டுக்கேட்டவனுக்கும் நேற்றைய பதில் இன்று உதவாது. ஒருநாள் அது சட்டென்று உறைக்க, கதவைத் திறக்காமலே மேசைக்கு ஓடினாள். பாவம், அன்று அரைமணி நேரம் வாசலில் நின்றார் மனிதர்.

புது மீட்டருக்கும் நெட்வொர்க்குக்கும் பொதுவாக ஒரு ரகசியம். நெட்வொர்க் ஒவ்வொரு முறையும் புது எண் ஒன்றைச் சொல்லும். மீட்டர் அதை ரகசியத்தோடு கலந்து சின்னதாக ஒரு பதில் தரும். அவ்வளவுதான் பேச்சு.

"பீப்." இரண்டு. அவள் உள்ளறைப் பக்கம் நகர்ந்தாள்.

"பீப்."

"மூணு!" என்று கத்தினாள்.

அதிகாரி சிரித்தபடி வெளியே வந்தார். "என்னை வாசலோட துரத்திடுச்சும்மா உங்க மீட்டர். பேட்டரியும் சோதிச்சுட்டேன், பத்து வருஷம் தாராளமா வரும்." அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவரை வழியனுப்பப் படி வரை போனார் கணவர். காற்றில் கதவு படாரென்று சாத்தித் தானே பூட்டிக்கொண்டது.

டொக் டொக்.

"யாரு?"

"நான்தான்டி! சாவி உள்ள இருக்கு."

"அது நேத்து சொன்ன பதில். இன்னிக்கு மொத பீப்புக்கே அழுதது யாரு?"

வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கண்ணுல தூசி விழுந்துச்சு."

"பீப், பீப், பீப்" என்றாள் அவள், திறப்பதற்காகக் கதவுப் பிடியில் கை வைத்தபடி.