பீரங்கி சவரிமுத்துவின் மூன்றாவது பதக்கம்

கடந்த ஒரு மாதமாக நான் ஒரு மனிதரின் நல்ல பேரைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று இல்லை. கேட்டார்கள், செய்தேன்...

ஜோர்ஜ் அண்ணன் எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. வயது எழுபத்தாறு. துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். ஒருநாள் பின்னேரம் பழைய பிஸ்கட் தகரப் பேணி ஒன்றுடன் வந்து, முன் கதிரையில் இருந்தார்.

"தங்கச்சி, நீங்கள் பேப்பரில எழுதுறனீங்கள். இதுகளை ஒருக்கா ஆராய்ஞ்சு சொல்லுங்கோ."

பேப்பரில் எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் ஒழுங்கையில் ஒரு நம்பிக்கை. நாய் சாப்பிடாவிட்டாலும் என்னிடம்தான் வருகிறார்கள்.

பேணிக்குள் மூன்று பதக்கங்கள். ஒன்று நட்சத்திர வடிவம், மற்ற இரண்டும் வட்டம். அண்ணனின் தகப்பன் சவரிமுத்துவுடையவை. வெள்ளைக்காரனின் கடற்படையில் இங்கேயே சேர்ந்து, சண்டை முடிந்த பிறகும் பல வருடம் இருந்தவர். ஜப்பான்காரன் துறைமுகத்துக்குக் குண்டு போட்டபோது பீரங்கியில் நின்று ஒரு பிளேனை — வருடம் போகப் போக இரண்டு பிளேனை — விழுத்தினவர் என்பது ஊர்க்கதை. அதனால்தான் சாகும்வரை அவர் 'பீரங்கி சவரிமுத்து'.

இப்போது என்ன அவசரம்? சேமக்காலையில் தகப்பனின் கல்லறைக்கு அண்ணன் புதுக் கல் வைக்கிறார். நவம்பர் இரண்டாந் திகதி, ஊரே மெழுகுதிரியோடு சேமக்காலைக்கு வரும் நாளில், கல் நிற்க வேண்டும். பேருக்குக் கீழே 'கடற்படைப் பீரங்கி வீரர்' என்று வெட்டச் சொல்லியிருந்தார். கல் வெட்டுகிறவர் சும்மா கேட்டிருக்கிறார்: "சரிதானே ஐயா? வெட்டினால் பிறகு அழிக்க ஏலாது."

அந்தக் கேள்வி அண்ணனைப் பிடித்துக்கொண்டது. பீரங்கிக்குக் கையில் ஒரு துண்டுக் கடுதாசிகூட இல்லை; பென்சன் புத்தகத்தில் பேரும் இலக்கமும் மட்டும்தான். கதை மட்டும்தான் இருக்கிறது. கல்லில் பொய் வெட்டிவிடக் கூடாதே!

எனக்குப் பதக்கத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் கொழும்பில் பழைய பதக்கம் சேர்க்கும் ஒரு பெரியவரை ஒரு சிநேகிதி மூலம் பிடித்தேன். வாட்ஸ்அப்பில் படங்கள் போயின. ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"நட்சத்திரமும் நடுவில இருக்கிற வட்டமும் சண்டை நேரத்தில நிண்ட எல்லாருக்கும் குடுத்தது, அம்மா. அதுகளில பேர் வெட்டேல்லை. கப்பித்தானுக்கும் அதுதான், கப்பல் தளம் கூட்டுறவனுக்கும் அதுதான். மூண்டாவதைப் பாருங்கோ. அது நீண்டகால நன்னடத்தைப் பதக்கம். விளிம்பில ஆளின்ர இலக்கம், பேர், தொழில் எல்லாம் இருக்கும்."

பார்த்தேன். விளிம்பு வழுவழு என்று இருந்தது. அண்ணனிடம் கேட்டால், "ரீற்றா நல்லா மினுக்கி வைக்கிறவ" என்றார் பெருமையாக.

ரீற்றா அக்கா அவருடைய மனைவி. ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய கிழமையில் வீட்டுப் பீடத்தின் பித்தளை மெழுகுதிரிக் கால்களோடு மாமாவின் பதக்கங்களையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாராம். கலியாணம் கட்டி வந்த வருடத்திலிருந்து ஒரு வருடம் தவறவில்லை.

இதைச் சொன்னதும் கொழும்புப் பெரியவர் போனில் அலறினார். "புளியோ! பதக்கத்துக்குப் புளி போட்டவையோ!" மீனைத் தவிர வேறெதற்கும் புளி போடக்கூடாது என்று அவருக்கு ஒரு கொள்கை போலிருக்கிறது. பிறகு ஆறுதலடைந்து வழி சொன்னார். மெல்லிய தாளை விளிம்பில் சுற்றி, பென்சிலால் மெதுவாக உரசிப் பாருங்கள்.

உரசினோம். ஜோர்ஜ் அண்ணன் பிடித்துக்கொண்டார், நான் உரசினேன். இலக்கம் வந்தது. பேரில் முன்பாதி வந்தது, பின்பாதி புளியோடு போயிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஆங்கிலத்தில், அச்சடித்த மாதிரித் தெளிவாகத் தொழில் — குக்.

சமையற்காரர்!

"இது வேற ஆருடையதோ மாறி வந்திருக்கு" என்றார் அண்ணன். வீட்டுக்குப் போய் அலுமாரியிலிருந்து தகப்பனின் பென்சன் புத்தகத்தை எடுத்து வந்தார். இலக்கத்தை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். அதே இலக்கம். பேணியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் என்னோடு கதை இல்லை. சைக்கிளில் போகும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார். தெரியாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? எந்த வீட்டில்தான் அப்பாவின் வீரக்கதையை யாராவது உரசிப் பார்க்கிறார்கள்?

நாலாம் நாள் ரீற்றா அக்கா வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, ஒருக்கா வந்து அவரோட கதையுங்கோ. மூண்டு நாளாச் சமைக்கேல்லை."

"நீங்களா?"

"நானில்லை. அவர். மூண்டு நாளா நான்தான் சமைக்கிறன். ரெண்டு பேரும் மெலிஞ்சு போனம்."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. இந்த ஒழுங்கையே புகழும் ரீற்றா அக்காவின் நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், நத்தார்ப் பலகாரம்... எல்லாம் ஜோர்ஜ் அண்ணனின் கை! நாற்பத்தைந்து வருடமாகக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்திருக்கிறார். நானும் எத்தனை தரம் பக்குவம் கேட்டிருப்பேன். அக்கா சிரித்து மழுப்புவார். தெரிந்தால்தானே சொல்வதற்கு?

காரணமும் சொன்னார். பன்னிரண்டு வயதில் அண்ணன் அடுப்படியில் நின்றதைத் தகப்பன் கண்டுவிட்டாராம். அகப்பையைப் பிடுங்கி எறிந்து, "பீரங்கிக்காரன்ர மகனுக்குக் குசினியில என்னடா வேலை?" என்று கேட்டாராம். அந்த மனிதர் வீட்டில் ஒரு தேத்தண்ணிகூடப் போட்டதில்லை. எப்படிப் போடுவார்? கப்பலில் சமைத்த கை. ஒரு வெங்காயம் வெட்டினாலே பிடிபட்டிருப்பார்.

உடனே கொழும்புக்கு அடித்து, ஆறுதலாக ஏதாவது சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன். பெரியவர் ஒன்று சொன்னார். அதை எடுத்துக்கொண்டு அக்காவோடு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணை, சண்டை நேரத்தில சமையற்காரர் குசினியில நிக்கிறதில்லையாம். பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் குடுக்கிறதும் அவைதானாம். உங்கட அப்பாவும் தூக்கியிருக்கலாம். நீங்கள் பீரங்கி எண்டே வெட்டலாம். அரைவாசி உண்மைதானே?"

அவர் மூன்று பதக்கங்களையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார். விரலால் ஒன்றை மட்டும் முன்னுக்குத் தள்ளினார்.

"சண்டைக்குக் குடுத்த ரெண்டிலயும் பேரில்லை தங்கச்சி. அப்பான்ர பேரை வெட்டிக் குடுத்தது இது ஒண்டிலதான். பதினைஞ்சு வருசம் ஒழுங்காச் சமைச்சதுக்கு."

அதை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். "பாவம் மனுசன்... எங்களிட்டச் சொல்லியிருக்கலாம். நானும் அவருமா ஒண்டாச் சமைச்சிருக்கலாம்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரீற்றா அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

பிறகு அண்ணன் போனை எடுத்துக் கல் வெட்டுகிறவருக்கு அடித்தார்.

நவம்பர் இரண்டாந் திகதி சேமக்காலையில் நல்ல சனம். புதுக் கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து: 'சவரிமுத்து, கடற்படைச் சமையற்காரர்'. கொஞ்சம் வயதான ஒருவர் கிட்ட வந்து வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார்.

"ஜோர்ஜ், கொப்பர் பீரங்கியெல்லே?"

"அது அப்பா சொன்னது. இதுதான் உண்மை," என்றார் அண்ணன், மெழுகுதிரியைக் கொளுத்தியபடி. "மத்தியானம் வீட்ட வாங்கோ. நண்டு சமைச்சு வைச்சிருக்கிறன். நான் சமைச்சனான்."

சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. எழுபத்தாறு வயதில் ஓர் ஆம்பிளை நட்டநடுச் சேமக்காலையில் நின்று இப்படிச் சொல்கிறார் — பதக்கம் கொடுக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் கவனிக்கலாம்!