துவைத்தாலும் போகாத அச்சு

இந்த நாட்டுக்கு வந்து நான் முதலில் விட்ட பழக்கம், ஜெபிக்கும்போது கண்ணை மூடுவது. கல்லூரியில் அப்படித்தான் பழகினேன்: கண்ணை மூடு, தலையைக் குனி, கையைக் கூப்பு. இங்கே செவ்வாய்க்கிழமை மதியம் என் சமையலறையில் நானும் இன்னொரு பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டிக்கு மாவு பிசைகிறோம். ஒருத்தி மெதுவாகப் பேசுவாள், மற்றவள் தலையாட்டுவாள். ஜன்னல் வழியாக யார் எட்டிப் பார்த்தாலும் ஊர் வம்பு பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் மாவை ஒரு தட்டு தட்டுவாள். திருப்பூர் வீரபாண்டியில் எங்கள் பக்கத்துத் தெருச் சபையில் ஒலிபெருக்கி கட்டி ஜெபிப்பார்கள். சாயப்பட்டறை பாய்லர் இரைச்சலையும் மீறிக் கேட்கும். "அவிங்க சாமிக்கு என்ன, காது மந்தமா?" என்று என் அப்பா சிரிப்பார். இங்கே நாங்கள் ஜெபிப்பது எங்களுக்கே சரியாகக் கேட்பதில்லை.

நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. என் பெயரும் இந்தக் கட்டுரையில் இல்லை. ஊகித்துவிட்டீர்களானால் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். குளிர் நாடு, ரொட்டி தின்னும் நாடு, அந்த ரொட்டியை மேசையில் கவிழ்த்து வைத்தால் முகம் சுளிக்கும் நாடு என்பது போதும். நான் பிசியோதெரபிஸ்ட். கால் வராத பிள்ளைகளை நடக்க வைக்கும் ஓர் இல்லத்தில் வேலை. விசாவில் எழுதியிருப்பதும் அதுதான், நாள் முழுக்க நான் செய்வதும் அதுதான். ஆனால் பதிவு பெற்ற கட்டடத்துக்கு வெளியே மதம் பேசக் கூடாது என்று இங்கே சட்டம். மீறினால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். என்னோடு பேசிய உள்ளூர்க்காரிக்கு அவ்வளவோடு முடியாது. வீடு போகும், பிள்ளைகளும் போகலாம்.

அந்த உள்ளூர்க்காரியை 'அபா' என்றே சொல்கிறேன். இங்கத்து மொழியில் அக்கா என்று பொருள். அவளுடைய சின்ன மகள் எங்கள் இல்லத்துக்கு வருகிறவள். ஒருநாள் அபா என்னிடம் கேட்டாள்: "என் மகளின் காலை நீவும்போது உன் உதடு அசைகிறதே, யாரோடு பேசுகிறாய்?" பொய் சொல்லத் தெரியாமல் உண்மையைச் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பை மாவோடு வந்து நின்றாள். அவள் கணவனின் அண்ணன் காவல்துறையில் இருக்கிறான் என்பதை நாலு மாதம் கழித்துத்தான் சொன்னாள். அன்றிலிருந்து என் வாசலில் எந்த வண்டி நின்றாலும் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

என் அப்பா கட்டிங் மாஸ்டர். பனியன் துணியை அடுக்கடுக்காக விரித்து, ஒரே வீச்சில் நூறு கை, நூறு முதுகு என்று வெட்டித் தள்ளுகிறவர். வருஷம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுக்கும் குடும்பம் எங்களுடையது. கிறிஸ்தவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, நல்ல படிப்பு என்று அவரே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். மூன்றாம் ஆண்டில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். அப்பா திட்டவில்லை, கை ஓங்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். அதோடு ஆறு வருஷம். அம்மா போனில் பேசும்போதெல்லாம் பின்னால் டிவி ஓடும். அப்பா கூடத்தில்தான் இருக்கிறார் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்வேன்.

எங்கள் வகுப்பில் பல பேர் இப்படித்தான் சிதறிக் கிடக்கிறோம். ஒருத்தி கென்யாவில் மலைக்கிராம ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருவன் ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் கப்பல்காரர்களுக்குப் போதகர். ஒரு ஜோடி பப்புவா நியூகினியில், எழுத்தே இல்லாத ஒரு மொழிக்கு எழுத்து உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. திருப்பூரிலேயே தங்கிவிட்டவன் ஐசக். பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறான். எங்களுக்காக மாதாமாதம் ஆட்களைக் கூட்டி ஜெபிக்கிறவனும் அவன்தான். அவன் மனசு தங்கம், வாய்தான் ஒலிபெருக்கி.

போன வசந்தத்தில் ஒரு காலை, அவனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கூடவே நாலு பூங்கொத்து எமோஜி. பழைய மாணவர் கூட்டத்துக்காக அடித்த டி-ஷர்ட்டின் படம். எங்கள் ஊரில் கல்யாணமானாலும் கோயில் திருவிழாவானாலும் ஒரு டி-ஷர்ட் அடித்துவிடுவது வழக்கம். இது நல்ல வெள்ளைத் துணி, முதுகில் நீல உலகப்படம். கென்யாவிலிருந்து ஒரு கோடு, அதன் முனையில் நர்ஸின் பெயர். எல்லாருக்கும் அப்படியே. நான் இருக்கும் நாட்டின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது, அதிலிருந்து ஒரு கோடு, முனையில் என் முழுப்பெயர், பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு போட்டோ. போட்டோவில் நானும் அபாவும் மாவுக் கையோடு சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் போட்டோவை அனுப்பியது நானேதான். அபா முதல் முறையாகத் தானே வாய்திறந்து ஜெபித்த நாள், சந்தோஷம் தாங்காமல் எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டு, 'இவளுக்காக ஜெபியுங்கள்' என்று எழுதியிருந்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

கூப்பிட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான ஆளுக்குப் போயிற்று.

"சர்ப்ரைஸா இருக்கோணும்னுதான் புள்ள சொல்லல. பிரிண்ட் எப்படி? அம்பது வாஷ் தாங்கும்!" என்றான் ஐசக்.

"ஐசக், அந்தப் படம் இங்க ஒருத்தர் கண்ணுல பட்டாப் போதும், அவ பொழப்பே போயிரும்."

"ஆண்டவரே" என்றான். குரல் உள்ளே போய்விட்டது. "நேத்தே எல்லார்த்துக்கும் குடுத்துட்டேனே புள்ள."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றே டிசைனை அழித்தான். வீடு வீடாகப் போய்ச் சட்டைகளைத் திரும்ப வாங்கினான். வெளியூர்க்காரர்கள் கத்தரித்துப் போட்டு வீடியோ அனுப்பினார்கள். கொடுத்த அறுபது சட்டையும் கணக்குக்கு வந்துவிட்டன என்று மூன்றாம் நாள் சொன்னான். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஒரு மாதம் முன்னால் இங்கத்துச் சந்தையில் பழைய துணிக் குவியலில் ஒரு பனியனைப் புரட்டியிருந்தேன். நெஞ்சில் ஏதோ ஒரு கோவை கம்பெனியின் விளையாட்டு விழா அச்சு, தமிழ் எழுத்தோடு. அன்று அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்து ஒரு பாட்டம் அழுதேன். நம் ஊர்த் துணி எப்படியும் இங்கே வந்து சேர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அபாவிடம் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"துவைத்தால் அந்த அச்சு போகுமா?"

திருப்பூர்க்காரியிடம் கேட்கிறாள். துவைத்தால் போகாத அச்சுதானே எங்கள் ஊரின் பெருமை. சின்ன வயதில் அப்பா புதுச் சட்டையின் அச்சை நகத்தால் சுரண்டிக் காட்டி, "பாரு, வருதா?" என்பார். வராது என்று நான் கைதட்டுவேன்.

"போகாது அபா" என்றேன்.

மேசையில் நான் பதற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த ரொட்டியை நிமிர்த்தி வைத்தாள். கையைக் கழுவினாள். போய்விட்டாள். அதற்கடுத்த செவ்வாய் வரவில்லை. மகளைக்கூட இல்லத்துக்கு அனுப்பவில்லை. அந்தப் பிள்ளை அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு அடி வைக்கத் தொடங்கியிருந்தாள்.

அவள் வராத அன்று மதியம் அம்மாவைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொல்லி அழுதேன். அறுபது சட்டையும் கிடைத்துவிட்டது, ஆனாலும் பயமாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "அழுவாத சாமி, அதான் எல்லாங் கெடச்சிருச்சுல்ல" என்றார் அம்மா. பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது. போன் கைமாறியது.

"எக்ஸ்ட்ரா எத்தன பீஸ் வெட்டுனானாம்?"

ஆறு வருஷம் கழித்து அப்பா என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

அவரே தொடர்ந்தார். "அறுவதுன்னு ஆர்டர் இருந்தா அறுவது யாரு வெட்டுவா? டேமேஜ் ஆகும்னு சேத்துத்தான் வெட்டுவான். மொதல்ல அதைக் கேளு கண்ணு."

எங்கள் ஊர்த் தொழிலில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. ஓட்டை, கறை, கோணல் அச்சு என்று சிலது கழியும், அதனால் கேட்டதைவிடக் கூடுதலாக வெட்டுவார்கள். மிஞ்சிய பீஸ், கழித்த துணி வாங்கும் செகண்ட்ஸ் கடைக்கு எடை போட்டுப் போகும், அங்கிருந்து மூட்டையாகி உலகம் முழுக்கப் போகும். ஊழியத்துக்கான சட்டை என்பதால் ஐசக்குக்கும் எனக்கும் அது தொழில் என்பதே மறந்திருந்தது. கேட்டேன். ஐசக் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டான். எட்டு பீஸ். மாதக் கழிவோடு சேர்த்து யூனிட் ஆட்கள் அதற்குள் செகண்ட்ஸ் கடைக்குப் போட்டுவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அப்பா ஐசக்கின் யூனிட்டுக்குப் போனார். என் ஞானஸ்நானத்துக்குப் பிறகு கிறிஸ்தவன் நிழல் வேண்டாம் என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் சபைத் தெருவை விட்டுச் சுற்றுவழியில் போகிறவர். அங்கிருந்து இருவரும் ஒரே வண்டியில் செகண்ட்ஸ் கடைக்குப் போனார்களாம். மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு சட்டையாக முதுகைத் திருப்பிப் பார்த்து, மடித்து வைத்து, அடுத்த மூட்டை. மூன்று நாள். "சோத்துக்குக்கூட வரலீங்க சாமி, டீயக் குடிச்சுட்டே ஒக்காந்திருக்கறாரு" என்றார் அம்மா.

அந்த மூன்று நாள் நான் இங்கே எப்படி இருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு காலை இரண்டு ஆண்கள் கதவைத் தட்டினார்கள். ஒரே மாதிரி நீலச் சட்டை, கையில் காகிதம் செருகிய அட்டை. திறந்ததுமே நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன். "நான் பிள்ளைகள் இல்லத்தில் வேலை செய்கிறேன், இந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை, யாரையும் எனக்குத் தெரியாது" என்று உளறிக்கொட்டினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் பாஸ்போர்ட்டை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, கேஸ் மீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். போகும்போது, தனியாக இருக்கும் பெண் மதியத்தில் கொஞ்சம் தூங்க வேண்டும் என்று புத்தி சொன்னார். கதவைச் சாத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தேன். யாரையும் எனக்குத் தெரியாது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

நாலாம் நாள் அப்பாவே கூப்பிட்டார்.

"ஏழு கெடச்சுது. ஒண்ணக் காணம். மூணு மூட்டை முன்னாடியே லோடு ஏறிருச்சுங்கறாங்க."

"எந்த ஊருக்குங்கப்பா?"

"அது அவிங்களுக்கே தெரியாது கண்ணு. கப்பல்ல போகுது, அவ்வளவுதான்." கொஞ்சம் செருமினார். "ஏழையும் வேஸ்ட் மிஷின்ல விட்டு நூலு நூலாக்கியாச்சு. ஒரே ஒரு பீஸ்ல மட்டும், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உம்பேரக் கத்திரிச்சு எடுத்துட்டேன். பேரு மட்டுந்தான். ஊரும் இல்ல, போட்டோவும் இல்ல. அதயும் மிஷின்ல விட மனசு வரல."

"எங்கீங்கப்பா வெச்சிருக்கறீங்க?"

"முருகன் படத்துக்குப் பொறத்தால." மறுபடி ஒரு செருமல். "உங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதே?"

"இல்லீங்கப்பா" என்றேன். நான் போனை வைக்கவில்லை. அவரும் போனை வைக்கவில்லை.

ஊரிலிருந்து எங்களுக்காக ஜெபிக்கிறவர்களே, ஒரு கும்பிடு போட்டுக் கேட்கிறேன். ஜெபியுங்கள், அச்சடிக்காதீர்கள். என்னைப் போல வெளியே இருக்கிறவர்களே, சந்தோஷத்தில் போட்டோ அனுப்பும் முன் பத்து வரை எண்ணுங்கள். அபா ஐந்து வாரம் கழித்து வந்தாள். ஒரு பெரிய ரொட்டியை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, மகளைக் காலையில் இல்லத்தில் விட்டு வந்ததாகச் சொன்னாள். பழைய சிரிப்பு இன்னும் திரும்பவில்லை. ஆனாலும் மாவு பிசைந்தோம். கண்ணை மூடவில்லை. அப்பா தேடியதையும், ஏழு கிடைத்ததையும் சொன்னேன். எட்டாவதைப் பற்றியும் சொல்லிவிட்டேன். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, உன் ஊர்ப் பெண்கள் ஜாக்கிரதையாக இருக்கட்டும், எழுது என்றாள்.

இப்போது ஞாயிறு தவறாமல் சந்தைக்குப் போகிறேன். பழைய துணிக் குவியல்களில் வெள்ளைச் சட்டையாகப் பார்த்து ஒவ்வொன்றாக முதுகைத் திருப்புகிறேன், அங்கே அப்பா திருப்பிய மாதிரியே. கடைக்காரி என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். உனக்கு எந்த அளவு வேண்டும் என்று கேட்கிறாள், நான் அடுத்த சட்டையைத் திருப்புகிறேன். என் பெயர் வீரபாண்டியில் முருகனுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த நாட்டின் பெயர் நூல் நூலாகிப் போயிற்று. இரண்டும் ஒரு கோட்டால் சேர்ந்திருக்கும் துணி உலகத்தில் இன்னும் ஒன்றே ஒன்று மிச்சம். அதைத் தேடித்தான் வாரவாரம் போகிறேன், பையில் கத்தரிக்கோலோடு.