பந்திங் தாத்தாவின் இடது இமை

தொங்கும் இமையைத் தூக்கிவிடுகிற இடத்தில் வேலை பார்த்தால், சாயங்காலத்துக்குள் நம் முகம் தொங்கிப் போகும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னக் கண் கிளினிக்கில் நான் மிஸ்ஸி. நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் செய்வது டாக்டர். என்ன ஆபரேஷன், எதற்கு, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று உட்காரவைத்துச் சொல்வது நான். கவுண்டருக்குப் பின்னால் சொன்னதையே சொல்லித் தொண்டை வறண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் எல்லாருக்கும் ஒரே தலையெழுத்துதான்.

ஜன்னல் திரை

எல்லாருக்கும் நான் சொல்கிற விளக்கம் ஜன்னல் திரை. திரையின் கயிறு தளர்ந்திருந்தால் இழுத்துக் கட்டுவோம். அதாவது இமையைத் தூக்கும் தசையைக் கொஞ்சம் சுருக்கித் தைப்போம். கயிற்றில் பலமே இல்லையென்றால் திரையை மேலே இருக்கும் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுவோம். அதாவது இமையைப் புருவத்தோடு உள்ளே நூல் போட்டு இணைப்போம், புருவம் ஏறினால் இமையும் ஏறும். துணிதான் நீளம் என்றால் வெட்டித் தைப்போம். வயதாகித் தோல் மடிந்து விழுந்தவர்களுக்கு அது போதும்.

கிள்ளானிலிருந்து வந்த ஓர் அங்கிள் இதையெல்லாம் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அடடா, ஒரு மனுஷருக்காவது புரிந்ததே என்று எனக்கு ஒரே சந்தோஷம். உங்களுக்கு இதில் எது சரிவரும் என்று டாக்டர் பார்த்துச் சொல்வார் அங்கிள், ஏதாவது கேட்கணுமா என்றேன். நன்றாக யோசித்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் சரி மிஸ்ஸி, திரையையே கழட்டிட்டா என்ன?"

பாஸ்

இமை பார்வையை மறைக்கிறது என்று நிரூபித்தால்தான் இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அழகுக்குச் செய்கிறீர்கள் என்று தள்ளிவிடுவார்கள். அதற்கு ஒரு டெஸ்ட் உண்டு. கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்க வேண்டும். அங்கங்கே புள்ளி வெளிச்சம் வரும், தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். மேலே வருவது தெரியாமல் போனால்தான் நமக்கு நல்லது.

ரிட்டயரான தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். இரண்டு இமையும் பாதிக் கண்ணுக்கு இறங்கியிருந்தன. வாசல் படியில் தடுக்கித்தான் உள்ளேயே வந்தார். சார், சும்மா சாதாரணமாகப் பாருங்கள், கஷ்டப்பட்டுப் பார்க்காதீர்கள் என்று கெஞ்சினேன். மனுஷர் கேட்டால்தானே? டெஸ்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். புருவத்தை நெற்றிக்கு ஏற்றினார், தாடையைத் தூக்கினார், ஒரு புள்ளி விடாமல் அமுக்கித் தள்ளினார். ரிசல்ட்டில் பார்வை பிரமாதம் என்று வந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தியை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சார், அன்றைக்கு நீங்கள் கொஞ்சம் தோற்றிருக்கலாமே என்றேன். அவருக்கு வந்ததே கோபம்!

"எந்தப் பரீட்சையிலயும் நான் பெயிலானதே கிடையாது, தெரியுமா?"

கத்தி

பந்திங்கிலிருந்து லோரி ஓட்டும் சேகரன் வந்தார். கூடவே மனைவி விமலா, தவழ ஆரம்பித்திருந்த பெண் குழந்தை. பெயர் கிருத்திகா. ஆனால் சேகரன் அவளை "அப்பா, இப்படி வாங்க, அப்பா, மிஸ்ஸியப் பாருங்க" என்றுதான் கூப்பிட்டார். அவருடைய அப்பா இறந்து மூன்று மாதத்தில் பிறந்தவளாம். தாத்தாவுக்குப் பிறவியிலேயே இடது இமை தொங்கியிருக்கும். குழந்தைக்கும் அதே இமை, அதே பக்கம். தாத்தாதான் திரும்பி வந்திருக்கிறார் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். தடுப்பூசி போடப் போன இடத்தில் அந்தக் கிளினிக் மிஸ்ஸி, கண்ணைக் காட்டுங்கள் என்று விரட்டியதால்தான் எங்களிடம் வந்தார்களாம்.

டாக்டர் பார்த்துவிட்டு உடனே ஆபரேஷன் என்றார். நான் உட்காரவைத்துச் சொன்னேன். பெரியவர்களுக்கு இமை தொங்கினால் மறைக்கும், தூக்கினால் தெரியும். குழந்தைக்கு அப்படி இல்லை அண்ணே. குழந்தையின் கண் பார்த்துப் பார்த்துத்தான் பார்க்கவே பழகுது. மூடியே கிடந்தா மூளை அந்தக் கண்ணை வேண்டாம்னு ஒதுக்கிடும். அப்புறம் இமையைத் தூக்கினாலும் பார்வை வராது. இவளுக்கு இமைத் தசையில் பலமே இல்லை, அதனால் புருவத்தோடு இணைக்கணும், இப்பவே செய்யணும். விமலா குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சேகரன் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கப்பா முகத்துல கத்தி வைக்கச் சொல்றீங்களா, மிஸ்ஸி?"

முதல் தரிசனம்

கம்போங் மேடான் அக்கா ஒருவருக்கு ஆபரேஷன். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வோம், ஆள் விழித்துத்தான் இருப்பார். தையலை இறுக்கி முடிச்சுப் போடுமுன் கண்ணைத் திறக்கச் சொல்லி, இரண்டு இமையும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். அந்த ஒரு நிமிஷம்தான் முக்கியம்.

டாக்டர் திறக்கச் சொன்னார். அக்கா இறுக்கி மூடிக்கொண்டார். புதுக் கண்ணால் முதன்முதலில் முருகனைத்தான் பார்ப்பதாக வேண்டுதலாம். படம் வெளியே அவருடைய பையில் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டருக்குள் அதையெல்லாம் கொண்டுவர முடியாது அக்கா என்று நான் கெஞ்ச, அவர் உதட்டையும் சேர்த்து மூடிக்கொண்டார். கடைசியில் ஒரு போனை பிளாஸ்டிக் பையில் போட்டு, அதில் நான் முருகன் படத்தைத் தேடிக்கொண்டு நின்றேன். எங்கள் டாக்டர் சீனர். இத்தனை வருஷம் பிரிக்பீல்ட்ஸில் இருந்ததில் தமிழ் நன்றாகவே வரும். கையில் நூலைப் பிடித்தபடி கத்தினார்:

"மிஸ்ஸி, எந்தச் சாமியா இருந்தாலும் பரவால்லலா, சீக்கிரம் காட்டு!"

போன்

பந்திங் குடும்பத்தை நான் விடவில்லை. போன் மேல் போன் போட்டேன். தாத்தாவின் முதல் திவசம் முடியட்டும் என்றார்கள். முடிந்தது. மொட்டை போட்டுக் காது குத்தட்டும் என்றார்கள். அதுவும் முடிந்தது. பிறகு சேகரன் என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை. அவர் லோரி எடுத்துக்கொண்டு போன பிறகு விமலாதான் எடுப்பாள், அடுத்த அறையில் யாரோ தூங்குவது போல மெல்லப் பேசுவாள்.

ஒருநாள் கேட்டேன்: உன் மாமனாருக்கு அந்தக் கண் தெரியுமாம்மா? இடது பக்கம் யார் வந்தாலும் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பாராம். அது அவருடைய மிடுக்கு என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்களாம். கண் தெரிகிறதா என்று யாருமே அவரைக் கேட்டதில்லை. நீயாவது அழுத்திச் சொல்லக் கூடாதா என்று கத்தினேன். அழுதாள், அப்புறம் சொன்னாள்:

"நான் சொன்னா கேக்க மாட்டாரு மிஸ்ஸி, அவங்கப்பா சொன்னாத்தான் கேப்பாரு, அவளுக்கோ இன்னும் பேச்சே வரல."

எத்தனை விரல்

குழந்தையைத் தாடிக்காவில் சேர்த்த பிறகுதான் பந்திங்கிலிருந்து வந்தார்கள். அந்தப் பாலர் பள்ளியில் போட்டோ எடுத்தவன் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திற, கண்ணைத் திற என்று அவளைப் பார்த்துக் கத்தினானாம். பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டு கேலி செய்தார்களாம். வீட்டுக்கு வந்து, இனிமேல் போகமாட்டேன் என்று உருண்டிருக்கிறாள். சேகரனின் அப்பா சொல்லாததை அந்தப் போட்டோக்காரன் சொல்லிவிட்டான். நான் இடது பக்கத்திலிருந்து கிருத்திகா என்று கூப்பிட்டேன். அவள் நின்று, முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தாள். "பார்த்தீங்களா, அப்படியே அப்பா" என்றார் சேகரன் பூரித்துப் போய். எனக்கு அவரை ஓங்கி அறையத் தோன்றியது.

டாக்டர் ஒளிக்கவில்லை. கண் ரொம்ப சோம்பிவிட்டது, இமையைத் தூக்கலாம், நல்ல கண்ணை மூடிவைத்துப் பழக்கிப் பார்க்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்றார். சேகரன் எல்லாவற்றுக்கும் சரி டாக்டர், சரி டாக்டர் என்றார். எதுவும் அவர் காதில் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும். நல்லதைச் சொல்லும்போதே காதில் ஏறாத மனுஷர் அவர்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வீக்கம் வடிந்த பிறகு வந்தார்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவில், கறுகறுவென்று, அத்தனை அழகு! நான் கண்ணாடியைக் காட்டினேன். தன்னையே பார்த்துச் சிரித்தாள். சேகரன் விசும்பி விசும்பி அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முன் மண்டியிட்டார். டாக்டர் செய்வது போலவே நல்ல கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, இன்னொரு கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "அப்பா, இது எத்தனை விரல், சொல்லுங்க" என்றார். விமலா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் எப்போதோ வீட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. குழந்தை புதிதாகத் திறந்த கண்ணை நன்றாக விரித்து, அவருடைய குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"கையை எடுங்கப்பா, அப்புறம் சொல்றேன்."

இமையைத் தூக்க எங்களிடம் மூன்று வழி இருக்கிறது. அதைத் தூக்க வேண்டிய காலத்தில் ஒரு மனுஷரைத் தூக்கி வந்து உட்காரவைக்கத்தான் ஒரு வழியும் இல்லை.