எந்த இடம் என்று ஆண்டவருக்குத் தெரியும்

பிரியமானவர்களே, டாக்டர் "கேன்சர்" என்றபோது எனக்கு ஆண்டவர் ஞாபகம் வரவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எந்தப் போட்டோவைப் போடுவார்களோ என்ற கவலைதான் வந்தது. தேர்தலுக்கு எடுத்ததில் எனக்கு ஒரு கண் மூடியிருக்கும்.

நான் கீரனூர்ப் பக்கம் ஒரு கவுன்சிலர். கல்யாணமோ காதுகுத்தோ, மைக்கைப் பிடித்து நாலு பேரைச் சிரிக்க வைப்பவன். போன வருஷம் ஜூலை மாதம் திருச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஆபரேஷன் செய்து கட்டியைப் பரிசோதித்தால்தான் பரவியிருக்கிறதா என்று தெரியும் என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்காரர், என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து ஜன்னலை மூடினார்.

ஊருக்கு மறைக்க முடியாது. "கேன்சர், ஜெபம் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னேன். எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடமாக இருந்தால் சொல்லியிருப்பேனே.

அன்றோடு நிம்மதி போயிற்று. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போன் செய்தவர்கூட, "தண்ணி கெடக்கட்டும் கவுன்சிலரே, எந்த எடத்துல?" என்றார். டீக்கடையில் எனக்கு நுரையீரல் என்று முடிவு செய்து, பீடியே தொடாத என்னிடம் பீடியை விடச் சொன்னார்கள். பிரஷர் வேறு ஏறியது.

ஞாயிறு ஆராதனையில் ஜெபிக்க முன்னால் அழைத்தார்கள். இடம் தெரியாததால் ஆளுக்கொரு பக்கம் கை வைத்தார்கள். மைக் பிடிப்பவன்தானே என்று ஓர் அண்ணன் என் தொண்டையை இறுக்கிக்கொண்டு ஜெபித்தார். கேன்சருக்கு முன் அவரே முடித்துவிடுவார் போலிருந்தது. "தம்பி, எடத்தச் சொன்னாத்தானே குறிப்பா ஜெபிக்கலாம்?" என்று இன்னொருவர் காதில் கேட்டார். திட்ட வாயைத் திறந்தேன். தொண்டை இன்னும் அண்ணன் கையில்தான் இருந்தது.

பெண்கள் பக்கமிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். சபையில் சத்தமாக ஜெபித்தே அறியாதவள்.

"கைய எடுங்கண்ணே" என்றாள். பிறகு கண்ணை மூடினாள். "ஆண்டவரே, எந்த எடம்னு ஒமக்குத் தெரியும். மத்தவுகளுக்குத் தெரிய வேணாம். பகல்ல ஊரச் சிரிக்க வைக்கிறாக, ராத்திரி தலகாணிய நனைக்கிறாக. எனக்கு இவுக வேணும்."

அவ்வளவுதான் ஜெபம். ஒருவரும் மறுபடி கேட்கவில்லை. நான் வேடிக்கை பேசாமல், எல்லார் முன்னாலும் அழுதேன்.

ஆபரேஷன் முடிந்து ரிசல்ட் வந்தது. டாக்டர் சிரித்தபடி, "பரவல" என்றார். என் காதில் "பரவால்ல" என்று விழுந்தது. டாக்டரே பரவாயில்லை என்று ஆறுதல் சொன்னால் கதை முடிந்தது என்றுதானே அர்த்தம்? "எத்தன நாள் சார்?" என்று தேம்பினேன்.

"அட, எங்கேயும் பரவலைங்க" என்று அவர் கத்தினார். என் மனைவி தரையிலேயே முழங்கால் போட்டுவிட்டாள். நானும் குனியப் பார்த்தேன், தையல் விடவில்லை.

இன்றைக்கும் செக்கப் போகிறேன், பயந்துகொண்டேதான் போகிறேன். ஆனால் தனியாகப் பயப்படுவதில்லை. டிவியில் எந்தத் தலைவருக்கு நோய் என்று வந்தாலும், எந்த இடம், எந்த ஸ்டேஜ் என்று வீட்டில் யாரையும் பேச விடுவதில்லை. பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம்.

உங்களுக்கும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று இருக்கலாம். ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆண்டவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கேட்பார், செய்வார். வெளியே போய்ச் சொல்லவும் மாட்டார்.