முதல் இலைக்குச் சோறு

1. ரைட்டர் வேலையில் முதல் நாள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் நான் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்த அன்று என்னை முதலில் கும்பிட்டவர் என் அப்பா.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் அந்த ஷாப்பில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் தொட்டி வேலை செய்துவந்தார். எங்கள் வம்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். பள்ளிக்கூடத்துப் பாதிரி ஐயர் சிபாரிசு செய்ய, முதலாளி சாயபு ஒப்புக்கொண்டார். சலவைச் சட்டையோடு ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டி, முழங்கையிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்ட வாசலுக்கு வெளியே நின்று, "கும்பிடறேன் ரைட்டரே" என்றார். நான் பதறி எழுந்துவிட்டேன். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் வீட்டில் அதற்காக அப்பாவிடம் சண்டை பிடித்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வூட்ல நீ என் புள்ள. அங்க ரைட்டரு. நானே உன்ன வாடா போடான்னா, நாளைக்கி மத்தவனும் அதையே சொல்லுவான். உக்காந்த நாற்காலிய நீ கெட்டியா புடிச்சிக்கோ. கும்பிடறதெல்லாம் என் வேல."

இந்த வாலிபர் சங்கப் பத்திரிகையைப் படிக்கும் தம்பிகள் பலர் நாளை இதே ஷாப்புகளுக்கு வேலைக்கு வருவீர்கள். அப்பா வெட்கப்படாமல் கும்பிட்டதால்தான் நான் வெட்கமில்லாமல் அந்த நாற்காலியில் உட்கார முடிந்தது என்பதை உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

2. ஜோடி

ஊறிய மாட்டுத் தோலை ஒரு ஆளால் தூக்க முடியாது. தொட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று, தலைப்பக்கம் ஒருவரும் வால்பக்கம் ஒருவருமாகப் பிடித்து, ஒரே மூச்சில் எடுத்துத் திருப்பி மறுபடி இறக்க வேண்டும். ஒருவர் முந்தினால் மற்றவர் தொட்டிக்குள் விழுவார். அதனால் ஜோடி சேர்ந்தவர்கள் லேசில் பிரிவதில்லை. அப்பாவின் ஜோடி கரீம் பாய். அப்பா வாய் திறக்க மாட்டார். கரீம் பாய் வாயை மூடமாட்டார். மேஸ்திரி நடப்பதையும் முதலாளி தும்முவதையும் செய்துகாட்டித் தொட்டியடியையே சிரிக்க வைப்பார்.

நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் அம்மா விஷக்காய்ச்சலில் போய்விட்டார்கள். சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு அனுப்ப வேண்டும் என்பது பாய் வீடுகளில் வழக்கம். நாங்கள் கிறிஸ்தவர்கள். இருந்தாலும் மூன்று நாளும் கரீம் பாய் வீட்டிலிருந்து மூடிய பாத்திரத்தில் சாப்பாடு வந்தது. அப்பா தொடவில்லை. கரீம் பாய் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நீ துன்னலன்னா நானும் துன்ன மாட்டேன். எனக்குப் பசி தாங்காதுன்னு உனக்குத் தெரியும். அப்பறம் என் வூட்லயும் சாவுதான்" என்றார். அம்மா போனபின் அப்பா முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கவளம் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனபோது அப்பாவின் கை ஓடவில்லை. கரீம் பாயும் தன் கையை மெதுவாக்கிக்கொண்டார். வேலை தேங்குகிறதே என்று மேஸ்திரி சத்தம் போட்டதற்கு, தனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லி, வசவு முழுவதையும் தானே வாங்கிக்கொண்டார். அது பொய் என்று பின்னால் மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

3. மாப்பிள்ளையின் மாமன்

என் தங்கை எஸ்தருக்குக் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை ஞானமுத்து பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். இரண்டு வீட்டுக்கும் பிடித்து, கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கொடுக்கிற சமயத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு பேச்சு எடுத்தார்.

எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டிக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியின் முதல் இலைக்கு அவன் ஜோடிதான் சோறு போடுவான். அந்த மரியாதையை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. இதை யாரோ மாமனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஷாப்பு ஆளுங்க வரட்டும், துன்னட்டும். பந்தியில கை வெக்கறது மட்டும் வேணாம். தோல் நாத்தத்துக்கு எங்க ஜனங்க மூக்கைப் புடிச்சிக்கினு எழுந்துட்டா, அவமானம் உங்களுக்குத்தானே?" என்றார்.

அப்பா, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மகளுக்கு இந்த வரன் தவறக்கூடாது. முதல் இலைக்குக் கரீம் பாய்தான் சோறு போடவேண்டும். அப்பாவுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. எதை விடுவது என்று தெரியாமல் அந்த மாதமெல்லாம் தூங்காமல் புரண்டார். எஸ்தர் என்னிடம் அழுதாள். விஷயம் காதில் விழுந்ததும் கரீம் பாயே வந்து, "கல்யாணம் எஸ்தருக்கா, எனக்கா? நான் பின்னாடி அடுப்பப் பாத்துக்கறேன். நீ பேஜார் பண்ணாத" என்று அப்பாவைத் திட்டிவிட்டுப் போனார்.

4. கல்யாணத்தன்று

ஆனாலும் தொட்டியடி ஆட்களுக்கு மனம் கேட்கவில்லை. நாற்றம்தானே குறை, அதை எடுத்துவிட்டால் மாமன் வாயை மூடுவார் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சுண்ணாம்பு தின்ற கைக்குக் கடுக்காய்த் தண்ணீர்தான் மருந்து. அதில் ஊறினால் வாடை அடங்கிவிடும். கல்யாணத்தன்று விடியற்காலையில் எல்லாரும் ஷாப்புக்குப் போய், புதிதாகக் கலக்கிய கடுக்காய்த் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டு ஊறவைத்துக்கொண்டு வந்தார்கள். அப்பாவும் அப்படித்தான் செய்திருந்தார்.

சமையலுக்கு எப்போதும் பாய் வீட்டுச் செம்பு தேக்சா அண்டா வரும். அன்று அது வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வெல்லம் காய்ச்சும் இரும்புக் கொப்பரை வந்தது. கரீம் பாயும் இன்னும் நாலு பேரும் அதை வண்டியிலிருந்து இறக்கி, தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஏற்றினார்கள். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை. தொட்டியில் ஓர் ஆணி விழுந்தாலே தோல் கறுத்துவிடும் என்று எங்கள் ஷாப்பில் இரும்பு வாளிகூட வைப்பதில்லை. ஷாப்புக்குள்ளே இரும்பையே தொடாத ஆட்களுக்கு, வெளியே தொடும்போது அந்த ஞாபகம் வரவில்லை. உள்ளங்கை, விரல், நகக்கண் எல்லாம் மைக்கூட்டில் முக்கியது போல ஆகிவிட்டன. புளி போட்டுத் தேய்த்தும் பாதிதான் போயிற்று.

கோவிலில் தாலி கட்டி முடித்து நாங்கள் பந்தலுக்கு வந்தபோது அவர்கள் ஐந்து பேரும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் கையை முதுகில் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா கூப்பிட்டார். யாரும் நகரவில்லை.

"இந்தக் கையால சோறு போட்டா மாப்பிள்ளையோட மாமன் இன்னா சொல்வான்? போய் வேற ஆளப் பாருப்பா" என்றார் கரீம் பாய். அன்று அவர் பேச்சில் கிண்டல் இல்லை.

அப்பா அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு சோற்றை எடுத்துவிட்டுக் கழுவி வைத்திருந்த கொப்பரையிடம் போய், அதன் ஈர விளிம்பை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தார். கை கறுக்கிற வரை துடைத்தார். புது வேட்டியோடு பந்தல் வாசலுக்கு நடந்து, மாமனுக்கு எதிரே அந்தக் கைகளைக் குவித்து வணக்கமாகத் தோத்திரம் சொன்னார்.

மாமன் பின்வாங்கினார். "இன்னாய்யா இது, பொண்ணக் கட்டிக்குடுக்கறியா, மை கொட்டறியா?"

"தோல் ஷாப்புக் கை இது. எஸ்தர வளத்த கை. எங்க கரீமுக்கும் இதே கைதான். முதல் இலைக்கு அவன்தான் போடுவான். நாத்தம் இருக்குதான்னு மோந்து பாத்துக்கோங்க."

அப்பா இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. மணைப்பலகையில் எஸ்தர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்போது மாப்பிள்ளையின் தாயார் தன் தம்பியான மாமனைப் பார்த்துச் சொன்னார்கள்: "சேத்துல நாத்து நட்டுட்டு வந்து இந்தக் கையாலதான உனக்குக் கூழு ஊத்தினேன்? அப்ப எங்க போச்சு உன் மூக்கு? நவுரு, எனக்குப் பசிக்குது." சொன்னவர்கள் நேரே போய் முதல் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கரீம் பாய் வந்தார். அந்த இலையில் சோறு போட்டார். ஒரு கரண்டியோடு அடுத்த இலைக்கு நகரப் பார்த்தார். "ஜாஸ்தி போடு பாய், கம்மி பண்ணாத" என்றார்கள் சம்பந்தியம்மாள். மூன்றாவது பந்தியில் மாமனும் உட்கார்ந்தார். அவர் இலைக்கும் கரீம் பாய்தான் கறி போட்டார்; மறுசோறும் மாமன் அவரிடமே கேட்டு வாங்கினார். என் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நானும் ஒரு வாளி எடுத்தேன்.

5. சாட்சி

இப்போது அப்பா வேலையை விட்டுவிட்டார். அவர் நின்ற அன்றே கரீம் பாயும் நின்றார். உன்னை யார் நிற்கச் சொன்னது என்று முதலாளி கேட்டதற்கு, "புது ஜோடிக்கு என் கிண்டல் புரியறதுக்கே ரெண்டு வருசம் ஆவும் சாயபு, அவ்ளோ பொறுமை இல்ல" என்றாராம்.

போன வருஷக் கடைசி ஸ்தோத்திரக் கூட்டத்தில், பெரியவர்கள் எழுந்து தங்களுக்குக் கிடைத்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்லலாம் என்றார் உபதேசியார். அப்பா எழுந்தார். ஆண்டவர் கொடுத்த காலமெல்லாம் அம்மா தன்னோடு நன்றாக வாழ்ந்ததற்கும், மகன் நாற்காலியில் உட்கார்ந்ததற்கும், மகள் போன இடத்தில் மதிப்பாக இருப்பதற்கும், பேரப்பிள்ளைக்கும் நன்றி சொன்னார். "கரீமுக்கும் ஸ்தோத்திரம்" என்று முடித்தார். ஸ்தோத்திரம் ஆண்டவருக்கு மட்டும்தான் என்று உபதேசியார் மெதுவாகத் திருத்தினார். "சரிங்கையா, அவன அனுப்பினவருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா உட்கார்ந்தார்.

எனக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள். போன வாரம் பெண் வீட்டார் வந்து பாயில் உட்கார்ந்ததும் கரீம் பாய் திண்ணைக்கு ஒதுங்கிக்கொண்டார். நகை, நாள் எதுவும் பேசுவதற்கு முன்னால் அப்பா சொன்னது இதுதான்: "எங்க பந்தியில முதல் இலைக்கு என் ஜோடி கரீம் பாய் சோறு போடுவான். சம்மதம்னா மேல பேசலாம்."

யாரை விட்டுக்கொடுக்க முடியாதோ அவரைப்பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இந்த வேலையிலும் வீட்டிலும் நான் கற்றுக்கொண்டது. பெண்ணின் தகப்பனார் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கரீம் பாயையும் உள்ளே கூப்பிடுங்கள், அவர் இல்லாமல் எப்படிப் பேசுவது என்றார்.