மூணு அடுக்கு கேரியரும் மத்தியானத் தூக்கமும்

எங்கள் வீட்டில் சோறு போடும் அளவு ஏர் ஓட்டிய காலத்தில் முடிவானது. ஐயப்பன்தாங்கலில் எங்கள் நிலமெல்லாம் மனையாகி, நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் வேலைக்குப் போன பிறகும் அம்மா அந்த அளவைக் குறைக்கவில்லை. மூணு அடுக்கு கேரியரில் இரண்டு அடுக்கு சோறுதான், கரண்டியால் அழுத்தி அழுத்தி அடைத்தது.

மத்தியானம் அதைக் காலி செய்துவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கண் சொருகும். தகட்டைக் கையால் உள்ளே வைத்து, கையை எடுத்துவிட்டு, அப்புறம் பெடலை மிதிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் விரல் போய்விடும். எங்கள் ஷெட்டிலேயே விரல் குறைந்த கைகள் உண்டு. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கை உள்ளே இருக்கும்போதே மிதித்துவிட்டேன். பஞ்ச் நகத்தைச் சீவிக்கொண்டு இறங்கியது, விரல் தப்பியது.

வீட்டில் அதைச் சொல்லவில்லை. "அசதியா கீதும்மா" என்றேன், அவ்வளவுதான்.

"ஒடம்புல தெம்பு இல்ல, அதான்" என்று அம்மா மறுநாள் இன்னொரு கரண்டி சேர்த்து அழுத்தினாள்.

டானிக் குடித்தேன். டீக்கு மேல் டீ குடித்தேன். போய்ப் போய் முகம் கழுவினேன். தூக்கம் எதற்கும் மசியவில்லை.

பக்கத்து மிஷினில் என் சிநேகிதன், ஆவடிக்காரன், கத்தோலிக்கக் குடும்பம். மத்தியானமானால் தூக்கத்தில் என்னைவிட மோசமாகச் சாமியாடுவான். தவக்காலம் வந்ததும் அந்த ஆட்டம் திடீரென்று நின்றுவிட்டது. நான் கொட்டாவி விட, அவன் சீட்டியடித்தபடி தகடு தள்ளுகிறான். எனக்கு மண்டை குடைந்தது. அவனை வேவு பார்க்க ஆரம்பித்தேன்.

ஈஸ்டர் வரைக்கும் மத்தியானச் சோற்றை விட்டிருந்தான். ஒரு டப்பா கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். குடித்ததும் எங்களைப்போலப் படுக்காமல், ஜெபம் சொல்லிக்கொண்டே எஸ்டேட் ரோட்டில் ஒரு நடை போய் வருவான்.

"எல்லாம் ஆண்டவர் குடுக்கற தெம்பு மச்சான்" என்றான்.

இருக்கலாம். ஆனால் ஆண்டவரா, கூழா, நடையா என்று பிரித்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெபம் எனக்குத் தெரியாது, அதை அவனிடமே விட்டேன். முதல் வாரம் நடை மட்டும். முழுச் சோற்றோடு நடந்ததில் வயிறு குலுங்கியதுதான் மிச்சம். அடுத்த வாரம் அம்மாவிடம் விரதம் என்று சொல்லிவிட்டு நானும் கூழுக்கு மாறினேன். விரதம் என்றால் எங்கள் வீட்டில் எதிர்க்கேள்வி கிடையாது. கூழும் நடையும் சேர்ந்தபோது சைரன் ஊதும்வரை கண் பளிச்சென்று இருந்தது. ஒரு மத்தியானத்தை முழுசாகப் பார்த்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஈஸ்டர் வந்தது. அவன் வீட்டுப் பிரியாணியும் வந்தது. அவன் பழையபடி சாமியாடத் தொடங்கினான். அவனைத் தட்டி எழுப்புவது என் வேலையானது. நான் மட்டும் வீட்டில் விடாமல் கூழ் கேட்டதில் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன்.

"எந்த சாமிக்குடா இது? இன்னும் எத்தினி நாளிக்கி?"

அதற்குமேல் பொய் வரவில்லை. தகடு, பெடல், நகம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் கையை இழுத்து ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள்.

"தெம்பு வரட்டும்னு தானடா அமுக்கி அமுக்கி வச்சேன். நான் போட்ட சோறாடா உன்ன தூங்க வச்சுது?"

"சோத்து மேல தப்பு இல்லம்மா, மிஷின் அப்படி" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை டப்பாவில் கூழ் ஊற்றினாள். பழக்கத்தில் இன்னொரு கரண்டி மொண்டாள். என் கையைப் பார்த்தாள். அதை அப்படியே பானையில் திருப்பி ஊற்றிவிட்டு, டப்பாவை மூடிக் கொடுத்தாள்.